வண்டி ஓடுனாத்தான் மடி

இந்தா இருக்கு பாரு, மூக்குத்தி அளவுக்கு ஒரு சாமான், இதைக் கொண்டு போயி அந்தச் செவப்புப் பலகை மூலையில மாட்டணுமாம், புஸ்தகத்துல அம்பு போட்டுக் காட்டியிருக்கான், படம் போட்டவன் விரலு என்ன விரலோ, வெண்டைப்பிஞ்சா இருக்கும், என் விரலு புரோட்டா விரலப்பா, மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியே கல்லு முன்னால நிப்பாட்டிட்டாய்ங்க, சுடச்சுட அடுக்கி வச்சு ரெண்டு பக்கமும் பொத்துப் பொத்துன்னு அடிச்சு அடிச்சு நுனியெல்லாம் செத்துப்போச்சு, உள்ளங்கையில நெருப்ப வச்சாக்கூட யாருப்பா அதுன்னு நிதானமாக் கேப்பேன், ஆனா இந்த மூக்குத்தி கையில இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்தாத்தான் தெரியுது, அந்தா, இல்ல, போட்டுட்டேன், வெத்தலைத் தட்டுக்குள்ள போயிருச்சு. வெத்தலைய ஒவ்வொண்ணாப் புரட்டு காசிமாயா, நல்லாப் புரட்டு, தாய்மாமன் சீர்த்தட்டுல மாமனே களவாங்குறான்னு எவனாச்சும் பாத்துத் தொலைக்கப் போறான். குட்டியானை வண்டிக்குப் பின்னாடி தார்ப்பாயில சம்மணம் போட்டு உக்காந்திருக்கேன், என்னச் சுத்தி வாழைப்பழத் தட்டு, கல்கண்டுத் தட்டு, மாப்ளைக்கு எடுத்த பட்டுத் துண்டு, தங்கச்சி தவமணிக்கு எடுத்த சேலை, நடுவுல கிழிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையி, கொட்டிக் கெடக்குற பொம்மை வண்டியோட குட்டிக் குட்டிக் கட்டிக, தகரம் சுட்டுப் பின்னாடி வேகுது, அங்கிட்டு கோயில் வாசல்ல மைக்குக்காரன் "அடுத்ததாக, மேலத்தெரு ஒச்சம்மாள் மகள் காதணி, தாய்மாமன் எங்கிருந்தாலும் மணைக்கு வரவும்"னு கத்துறான், ஊருல உள்ள மாமனெல்லாம் மணைக்குப் போயிட்டு மீசைய முறுக்கிட்டுத் திரும்பி வர்றாய்ங்க, நான் ஒருத்தன்தேன் வெத்தலைக்குள்ள மூக்குத்தி தேடிக்கிட்டு இருக்கேன். எங்க முறை வர இன்னும் நேரமிருக்கு. இருக்கும்ல? இருக்கணும். தவமணி பயலுக்கு இப்பத்தேன் மொட்டை எடுக்குறாய்ங்க, கத்துற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது, மொட்டைக்கே இந்தக் கத்துன்னா ஊசிக்கு என்ன கத்து கத்துவான், அதுவும் என் மடியில, வருவானா மடிக்கு, வண்டி ஓடுனா வருவான், வண்டி ஓடுனாத்தான் வருவான்னு காலையில பல்லு வெளக்கிக்கிட்டே எழுதி வாங்காத குறையாச் சொல்லிட்டுப் போயிருக்கான் தம்பி.

பேரு தக்ஷித். ரெண்டு தும்மலு அடுத்தடுத்து வந்த மாதிரி ஒரு பேரு. ஏன்டி தவமணி, நம்ம குலசாமி பேரெல்லாம் தீந்துபோச்சான்னு போன்ல கேட்டேன், உன் பேரு மாதிரி வச்சா பள்ளிக்கூடத்துல சிரிப்பாய்ங்கண்ணேன்னா, நான் போனது ஆறாங்கிளாஸு வரைக்கும், அதுவரைக்கும் ஒரு பயலும் சிரிக்கல, நான்தேன் அவைங்களப் பாத்துச் சிரிச்சேன். இவன் வயித்துல இருக்கயில நான் சார்ஜாவுக்குப் பிளேன் ஏறுனேன், நடுவுல ஒரு தடவ ஆசையா ஓடி வந்தேன், அந்நேரம் பாத்து இவனுக்கு அம்மை போட்டுருச்சு, வெளியூர்க்காரன் உள்ள வரக்கூடாதுன்னு வேப்பிலை கட்டுன வாசல்லயே நிப்பாட்டிட்டாய்ங்க, நானும் என்ன பண்ணுவேன், சன்னலு வழியாக் காலு மட்டும் தெரிஞ்சுச்சு, காலப் பாத்துட்டுத் திரும்பிப் பிளேன் ஏறிட்டேன். மத்தபடி அவனுக்கு நான் ஒரு போனு. மூஞ்சி தெரியிற போனு. ரெண்டு நிமிசம் கோமாளித்தனம் பண்ணுவேன், நாக்க நீட்டுவேன், மாவ வீசிக் காட்டுவேன், பய உத்துப் பாத்துட்டுக் கீழ செவப்பா இருக்கே பொத்தானு, அதை அமுக்கிருவான், நான் போயிருவேன். அவனுக்குத் தெரிஞ்ச மாமன் அமுக்குனாப் போயிருவாரு. முந்தாநேத்து வீட்டுக்குள்ள காலடி எடுத்து வச்சுத் தூக்கலாம்னு குனியிறேன், என்னை அப்பிடியே உத்துப் பாத்தான், விரல நீட்டி என் நெஞ்சுல, சட்டைப் பொத்தான் மேல வச்சு ஒரு அமுக்கு அமுக்குனான். நான் போகல. இன்னொரு அமுக்கு. போகல. ஓன்னு அழுதுட்டான். வீடே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன், என்னய விட யாரு சத்தமாச் சிரிப்பா, ஆனா ராத்திரி பாயில படுத்துக்கிட்டு நெஞ்சத் தடவித் தடவிப் பாத்தேன், எதுக்குத் தடவுனேன்னு தெரியல, அந்தப் பொத்தான் உள்ள எங்கிட்டாச்சும் இருக்குதோ என்னமோ.

சரி, அந்தா கெடைச்சிருச்சு மூக்குத்தி, கொட்டைப்பாக்குக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, மாட்டு, டிக்குன்னு ஒரு சத்தம் வரணும், வந்திருச்சு, வாழ்க. அடுத்து நீளக் குச்சி, குச்சியில பல்லுச்சக்கரம், சக்கரத்துக்கு அங்கிட்டு ஒரு வாசரு, இந்த எழவு வாசரு எந்தப் பக்கம், படத்துல ஒரு பக்கந்தேன் தெரியுது, அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு படம் போட்டவனுக்கும் படைச்சவனுக்குந்தேன் வெளிச்சம். கடையில வாங்கயில அட்டைப்பெட்டி மேல முழுசா வண்டி படம், செவப்பா, ஜன்னலு வச்சு, தலைக்கு மேல ஒரு கொம்பு, டிராலின்னு போட்டிருக்குன்னு மலையாளத்துப் பய சொன்னான், ஏர்போர்ட்டுல பெட்டி தள்ளுறதுதான டிராலின்னேன், இல்ல சேட்டா, வெளிநாட்டுல நடுரோட்டுல தண்டவாளம் போட்டு ஓடுற வண்டின்னான், மோட்டர் இருக்கு, தானா ஓடும்னான், தானா ஓடும்னு மட்டுந்தேன் சொன்னான், தானா முளைக்காதுன்னு சொன்னானா? நேத்து ராத்திரி பய முன்னாடி ஜம்பமாப் பெட்டியப் பிரிச்சா உள்ள வண்டியக் காணோம், பையி பையா நொறுக்குத் தீனி மாதிரி கட்டிக. புரோட்டா கேட்டவனுக்கு மைதா மூட்டைய எறக்கிவிட்டு உருட்டித் தின்னுக்கோன்னு சொன்ன மாதிரி. பய பெட்டிக்குள்ள தலைய விட்டுப் பாத்தான், என்னப் பாத்தான், பேசாம அவங்க பெரியப்பன்கிட்ட போயி உக்காந்துட்டான். அந்த மனுசன் தங்கமலை, மாப்ளையோட கூடப்பொறந்த அண்ணன், தலையத் தடவிக்கிட்டே "உம் மாமன் உடைஞ்சதையா வாங்கிட்டு வந்திருக்காரு"ன்னாரு. இந்தா, நெனைச்சேன், வந்து நிக்கிறாரு. வெள்ளை வேட்டி, ஏற்கெனவே நெத்தி நெறையச் சந்தனம், குட்டியானைக் கதவுல கையூண்டி எட்டிப் பாத்து, "என்ன மாப்ள, கொத்தனாரு வேலையெல்லாம் எம்புட்டுல நிக்கிது?"

"மேல்மாடி போயிக்கிட்டு இருக்கு மச்சான், கிரகப்பிரவேசத்துக்குச் சொல்லிவிடுறேன்."

"எதுக்கு இம்புட்டுச் சிரமம், புள்ள ஒங்ககிட்ட வர மாட்டேங்குறான், சாமி முன்னாடி அழுது அமர்க்களம் பண்ணுனா நல்லாவா இருக்கும்? நான் உக்காந்துக்குறேன். பெரியப்பனும் மாமன் மாதிரித்தான?"

"மாதிரிதேன் மச்சான். நானும் மந்திரி மாதிரித்தேன் இருக்கேன், எவனும் கொடி வச்ச காரு அனுப்ப மாட்டேங்குறான்."

சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு, கெட்ட மனுசன் இல்ல, அதேன் எனக்குப் பத்திக்கிட்டு வருது, கெட்டவனா இருந்தா நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டுப் போகலாம், புள்ளைக்குச் சோறு ஊட்டுற மனுசன், காய்ச்சலுக்குத் தூக்கிட்டு ஓடுன மனுசன், அவரு மடியில அவன் கண்ண மூடிட்டு உக்காருவான், எல்லாஞ் சரி, ஆனா தவமணி? அவளுக்குப் பொறந்த வீடுன்னு இந்த ஒலகத்துல மிச்சம் இருக்குறது நான் ஒருத்தன், ஆத்தா அப்பன் போனதுக்கப்புறம் வீடுன்னு கூட ஒண்ணு இல்ல, நான் நிக்கிற எடந்தேன் வீடு, அந்த மணையில வேற ஆளு உக்காந்துட்டா நாளைக்கு அவ எங்க போயி எங்க அண்ணன்னு ஒரு வார்த்தை சொல்லுவா, மூலைக்கு மூலை, காது குத்துக்கே மாமனுக்கு மடி இல்லையாம்ல, காது குத்துக்கே மாமனுக்கு. வேணாம், நெனைக்காத. குச்சிய மாட்டு. மாட்டியாச்சு. சக்கரத்த அமுக்கு. இன்னும் நல்லா அமுக்கு, கழண்டு விழுந்து மானத்த வாங்கிரப் போகுது. மோட்டரு பொட்டிய உள்ள வச்சாச்சு, பேட்டரி போட்டாச்சு, பல்லோட பல்லு கடிக்கிது, இப்பத் தட்டுறேன் சாமி, விசைய.

கர்ருங்குது. நின்னுருச்சு. மறுபடி கர்ருங்குது, முக்குது, நாலு நாளு வெளிக்கிப் போகாத ஆளு மாதிரி முக்குது, சக்கரம் அரைச் சுத்து சுத்தி அப்பிடியே நிக்கிது. எங்கிட்டோ இறுக்கம். இறுக்கம்னாத் தெரியுமே நமக்கு, இறுகுன மாவு, காலையில பெசைஞ்ச மாவு விரைப்பா நிக்கும், இழுத்தா அறுந்து போகும், அதுக்கு என்ன பண்ணணும், எண்ணெய், ஊத்து எண்ணெய, கைநெறையா ஊத்தி அது தலையில தடவி மூடிப்போட்டு ஒரு நாழி கழிச்சுப் பாரு, வெண்ணெய் மாதிரி நெளியும், என் வாத்தியாரு சொன்னது ஒரே பாடம், எதுக்குடா மல்லுக்கட்டுற, எண்ணெய ஊத்துடா. சுத்தி முத்திப் பாத்தேன், வெளக்குக்குக் கொண்டாந்த நல்லெண்ணெய் போத்தலு கையெட்டுற தூரத்துல. சாமி, மன்னிச்சுக்கோ, ஒரு சொட்டு. ரெண்டு சொட்டு. பல்லுச்சக்கரத்துக்கு, குச்சிக்கு, அந்த ஓட்டைக்கு, இந்த ஓட்டைக்கு, இருக்குறதே இருக்குன்னு நாலு சக்கரத்துக்கும் ஒரு தடவு தடவி, தட்டுனேன் பாரு விசைய, உய்ய்ங்குது! உய்ய்ங்குதுப்பா! சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்துல சுத்துது, நான் ஆறாங்கிளாஸுடா, எவண்டா சொன்னது நான் மக்குன்னு, எறக்கித் தார்ப்பாயில வச்சேன். உய்ய்ங்குது. நகர மாட்டேங்குது. சக்கரம் சுத்துது, வண்டி அதே எடத்துல நின்னு தியானம் பண்ணுது. பின்னாடி லேசாத் தள்ளிவிட்டேன், விரலு எடுத்ததும் நின்னுருச்சு, சக்கரம் மட்டும் சுத்துது. ரப்பரு வழுக்குது. எண்ணெய். எண்ணெய ஊத்துனா மாவு நெளியும், ரப்பரு வழுக்காம என்ன செய்யும், இதுக்கு ஆறாங்கிளாஸு கூட வேணாமே, அட என் அறிவே. தொடைக்கத் துணி தேடுனேன், ஒண்ணும் ஆப்படல, கையில சிக்குனது மாப்ளைக்கு எடுத்த பட்டுத் துண்டு, தொடைச்சேன், என்ன பண்றது, மஞ்சத் துண்டுதேன, மஞ்சள்ல மஞ்ச எண்ணெய் யாருக்குத் தெரியும், தொடைக்கத் தொடைக்க கட்டியெல்லாம் எண்ணெயாச்சு, மேக்கூரையப் பிடிச்சுத் தூக்குனா ஜன்னலு கழண்டு விழுது, ஜன்னல மாட்டுனா மூக்குத்தி வழுக்கி ஓடுது, டிக்குன்னு கடிச்ச எதுவும் இப்பக் கடிக்க மாட்டேங்குது, எல்லாம் தொட்டாச் சருக்குன்னு நழுவுது, அப்பத்தேன் கண்ணுல படுது, சக்கரத்த ரொம்ப உள்ள அமுக்கிட்டேன், ஒடம்போட உரசிக்கிட்டு நின்னுருக்கு, அம்புட்டுத்தேன், ஒரு மயிரளவு வெளிய இழுத்திருந்தா ஓடியிருக்கும். எண்ணெயே வேண்டியதில்ல. அமுக்குனதுதேன் தப்பு. நல்லா அமுக்குனா நல்லா நிக்கும்னு நெனைச்சேன் பாரு.

"அண்ணே." தவமணி. மஞ்சப் பட்டுச்சேலை, கண்ணுல தூக்கம் இல்லாத செவப்பு, கையில சந்தனக் கிண்ணம். "அடுத்து நம்மதான்ணே. ஓடுதா?"

"ஓடுது. வண்டிதேன் ஓடல."

"வெளாடாதண்ணே." சொல்லிட்டு அப்பிடியே நின்னா, ஏறிட்டு வண்டியப் பாத்தா, தட்டப் பாத்தா, துண்டப் பாத்தா. "அவுக அண்ணன் மணை பக்கத்துல போயி நின்னுட்டாரு. நான் ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே. நீ வா. அழுதா அழுதுட்டுப் போறான், நீ வா."

நீ வான்னு சொல்லிட்டுப் போயிட்டா, சின்னப்புள்ளையில கூட இப்பிடித்தேன், பள்ளிக்கூடத்துல எவளாச்சும் அடிச்சாலும் ஏன் எதுக்குன்னு சொல்ல மாட்டா, வாசல்ல வந்து நின்னு நீ வான்னு மட்டுந்தேன் சொல்லுவா, நானும் போயி அங்க நின்னு ஏதாச்சும் கோமாளித்தனம் பண்ணி அடிச்சவளையும் சிரிக்க வச்சுட்டு வந்திருவேன், அடிக்கத் தெரியாது எனக்கு, சிரிக்க வைக்கத்தேன் தெரியும், அதுவும் போன்ல எடுபடல. அழுதா அழுதுட்டுப் போறான்னு அவ சொல்றா, எனக்கு முடியுமா, பயலப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சு ரெண்டு பேரு காலப் பிடிக்க ஒருத்தன் தலையப் பிடிக்க, ஆட்டுக்குட்டியப் பிடிக்கிற மாதிரி, அப்புறம் அவன் ஆயுசுக்கும் என் மூஞ்சியப் பாத்தா என்ன ஞாபகம் வரும், ஊசி, போன்ல என் மூஞ்சி வந்ததும் காதப் பொத்திக்கிட்டு ஓடுவான், நான் திரும்பிப் போயி கல்லு முன்னால நின்னு புரோட்டாவப் போட்டுக்கிட்டு அந்த ஓட்டத்தையே நெனைச்சுக்கிட்டு நிப்பேன், எவனாச்சும் என்ன மாஸ்டர் கருகுதுன்னு கத்துற வரைக்கும். "தாய்மாமன் காசிமாயன், தாய்மாமன் காசிமாயன், எங்கிருந்தாலும் உடனடியாக மணைக்கு வரவும், சார்ஜாவில் இருந்தாலும் வரவும்." மைக்குக்காரன் என் கூடப் படிச்ச பய, அவனுக்கு இதுல ஒரு சிரிப்பு. எந்திரிச்சேன். கால் மரத்துப்போச்சு. வண்டிய விட்டுட்டுப் போகலாம்னு கீழ வச்சேன், மறுபடி எடுத்து வேட்டி மடிப்புக்குள்ள செருகுனேன், எதுக்குன்னு கேட்டா தெரியாது, வெறுங்கையோட போக மனசு வரல, அம்புட்டுத்தேன், நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள ஒரு ஜன்னலு கழண்டு மண்ணுல விழுந்துச்சு, குனிஞ்சு எடுக்கல.

மணை போட்டிருக்கு. ஆசாரி தம்ளருல ஊசியப் போட்டுட்டுக் காத்திருக்காரு. தங்கமலை மச்சான் பக்கத்துல வேட்டிய ஒதுக்கிட்டு, கேட்டா உக்காரத் தயாரா. உக்காந்தேன். தவமணி இடுப்புல மொட்டையும் சந்தனமுமா ஒரு குட்டிச் சாமி, சட்டை இல்லாம, மூக்குல சளி, தேம்பல் இன்னும் அடங்கல, குனிஞ்சு எறக்கப் போனா, காலக் குத்துக்கல்லு மாதிரி ஊண்டிட்டு நின்னுட்டான். எனக்கு நேரா. மொத்தச் சனமும் பாக்குது.

"வண்டி ஓடுமா?"ன்னான்.

ஓடும்டா கண்ணு, உக்காரு காட்டுறேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. அது என் நாக்கு, பொய்யச் சொல்லிட்டுத்தேன் யோசிக்கும். ஊசி எறங்குற வரைக்கும் தாங்குனாப் போதும். தவமணி அதைத்தேன் எதிர்பாத்து என்னையே பாக்குறா. அவன் கண்ணப் பாத்தேன், கிட்டக்க, இம்புட்டுக் கிட்டக்க நான் பாத்ததே இல்ல, இமையில சந்தனம் ஒட்டியிருக்கு.

"ஓடாதுடா."

தவமணி கண்ண மூடிட்டா. தங்கமலை மச்சான் தொண்டையச் செருமுனாரு.

"ஏன்?"

"எண்ணெய ஊத்திட்டேன்."

"ஏன் ஊத்துன?"

"எனக்கு அது ஒண்ணுதேன் தெரியும்."

யோசிச்சான். அஞ்சு வயசுப் பய நெத்தியச் சுருக்கி யோசிக்கிறான், கோர்ட்டு ஜட்ஜு தோத்துப் போவாரு. "காட்டு"ன்னான். எடுத்துக் காட்டுனேன், ஒரு பக்கம் ஜன்னலு இல்ல, கொம்பு கோணிப்போச்சு, விசையத் தட்டுனேன், உய்ய்ங்குச்சு, மணையில வச்சேன், அதே எடத்துல நின்னு சக்கரத்தச் சுத்திக்கிட்டே இருந்துச்சு, எவனோ பின்னாடி சிரிச்சான். பய சிரிக்கல. குனிஞ்சு விரல நீட்டிச் சுத்துற சக்கரத்தத் தொட்டான். வெடுக்குன்னு இழுத்துக்கிட்டான். மறுபடி தொட்டான். அப்புறம் வண்டியத் தூக்கி, சக்கரம் சுத்தச் சுத்த, தன்னோட வயித்துல வச்சான், சந்தனம் பூசுன வயித்துல, எண்ணெயும் சந்தனமும் வழுவழுன்னு, அது நகரவும் இல்ல கடிக்கவும் இல்ல, நின்ன எடத்துலயே நின்னு கிச்சுக்கிச்சு மூட்டுது. ஹெக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு அவன்கிட்ட இருந்து. இன்னொண்ணு. அப்புறம் அடக்க முடியாமச் சிரிச்சு, நெளிஞ்சு, நிக்க முடியாம, அப்பிடியே பொத்துன்னு உக்காந்தான், உக்காந்த எடம் என் மடி. அவன் பாத்து உக்காரல. எனக்குத் தெரியும். ஆசாரிக்குக் கண்ணக் காட்டுனேன், அந்த மனுசன் கெட்டிக்காரரு, சிரிக்கச் சிரிக்கக் காதப் பிடிச்சிட்டாரு, சிரிப்பு பாதியில அலறலா மாறுச்சு, கோயில் மணிய அடிச்சு மூடப் பாத்தாய்ங்க, முடியல, ரெண்டாவது காதுக்கு முதுக வில்லா வளைச்சு என் தாடையில மண்டையால முட்டி ஒதைச்சுக் கத்துனான், வாயில எனக்கு ரத்தம் கரிச்சுச்சு, அவன் வயித்துல கைய வச்சுக்கிட்டு ஆச்சு ஆச்சு ஆச்சுன்னு நான் சொன்னதுல எதுவும் ஆகல, கடுக்கனத் திருகுற வரைக்கும் கத்துனான். தவமணி கைய நீட்டுனா. தங்கமலை மச்சானும் கைய நீட்டுனாரு. போயிருவான், இப்பப் போயிருவான்னு காலத் தளத்திக் குடுத்தேன்.

போகல. தேம்பிக்கிட்டே திரும்பி உக்காந்து என்ன மொறைச்சான். மாமான்னு சொல்லல, சளி மேலுதட்டுல. வண்டி இன்னும் உய்ய்ங்குது. அதை எடுத்தான், என் சட்டையத் தூக்கிட்டு என் வயித்துல அமுக்கி வச்சான், பழி வாங்குற மாதிரி.

"கூசுதா?"

அய்யோ கூசுது, அடிவயிறு வரைக்கும் கூசுது, பல்லக் கடிச்சேன். மைக்குக்காரன் அடுத்த மாமன் பேரக் கூப்புடுறான். அடுத்த மாமன் மீசையோட வந்து தலைக்கு மேல நிக்கிறாரு, "எந்திரிங்கப்பா, இன்னும் எம்புட்டுப் புள்ளைக காத்திருக்கு."

"இல்லையே"ன்னேன் பயகிட்ட.

இன்னும் நல்லா அமுக்குனான். "இப்ப?"

"ம்ஹூம். கூசவே இல்லையே."